காபிப் பிரியரான மாமனாருக்குத் தீபாவளிப் பரிசு: 1,500 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி, மாமனார் வீடு திருச்சியில். அவருக்குக் காபி என்றால் உயிர். காலையில் அவர் டிகாக்ஷன் இறக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. 1,500 ரூபாய்க்குள் காபி சம்பந்தமாக ஏதாவது வாங்கிப் போக ஆசைப்படுகிறீர்கள். ஆன்லைனில் தேடினால் பிரெஞ்ச் பிரஸ் (தூளை வெந்நீரில் ஊறவைத்து, வலைத் தட்டால் அழுத்தி இறக்கும் ஜாடி), கை கிரைண்டர், கிஃப்ட் பாக்ஸ் என்று வந்து நிற்கிறது. எதை வாங்கினாலும் ஒரு வாரத்தில் பரணுக்குப் போய்விடுமோ என்று பயம். இந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். காபியைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு, அவர் நாள்தோறும் கையில் எடுக்கிற மாதிரி எதைக் கொடுப்பது?

மயிலாடுதுறையில் அப்பா ஆரம்பித்த காபித்தூள் கடையில் பன்னிரண்டு வயதிலிருந்து நிற்கிறேன். கடை என் பொறுப்புக்கு வந்து 26 வருஷம் ஆகிறது. கொட்டை வாங்குவது, வறுப்பது, அரைப்பது, வாடிக்கையாளர் வீட்டுக் கணக்குக்குக் கலந்து கொடுப்பது எல்லாம் நானே செய்கிறேன். அதனால் நம் ஊர் ஃபில்டர் காபியைப் பற்றி நான் சொல்வதை நம்பி நடக்கலாம். எஸ்பிரெசோ மெஷின், காகித வடிகட்டியில் ஊற்றி இறக்கும் காபி இதெல்லாம் குடித்திருக்கிறேன், ஆனால் கைப்பழக்கம் கிடையாது. அதைப் பற்றி யோசனை சொல்ல வேறு ஆள் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது நாற்பது வருஷமாக ஒரே மாதிரி காபி குடிக்கிறவரின் காபியை மாற்றப் பார்க்காதீர்கள். அவர் கேட்பது புதுக் காபி இல்லை. நேற்றுக் குடித்த காபி இன்றும் அதே ருசியில் வர வேண்டும், முடிந்தால் கொஞ்சம் கூடுதலாக. பரணுக்குப் போகிற பரிசு எல்லாமே அவருக்கு வேறொரு காபியைக் கற்றுக்கொடுக்க வந்த பரிசுதான். அவருடைய காபிக்குள்ளேயே ஒரு சின்னக் குறை இருக்கும். அதைக் கண்டுபிடித்து வாங்கினால் 400 ரூபாய்ப் பொருள்கூட பத்து வருஷம் அடுப்படியில் நிற்கும்.

அதைக் கண்டுபிடிக்க உங்கள் மாமியாருக்கு ஒரு போன் போதும். மாமனாருக்குத் தெரியாமல் நாலு விஷயம் கேளுங்கள். தூள் எந்தக் கடையில், என்ன சொல்லி வாங்குகிறார்? எத்தனை சிக்கரி? ஃபில்டர் எவ்வளவு பெரிது, எத்தனை பேருக்குக் காபி? தூளை எதில் கொட்டி வைக்கிறார்கள்? பாக்கெட் தூளாக இருந்தால் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் விதி. நிறைய பாக்கெட்டுகள் அந்த எல்லையை ஒட்டியே, 53க்கு 47, 60க்கு 40 என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். கடையில் அரைத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 85க்கு 15 சொல்வார்கள். சிலர் சிக்கரி வாசமே ஆகாது என்பார்கள். இந்த ஒரு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிக்கரி ஒரு செடியின் கிழங்கு வேர், குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது, வறுத்து அரைத்துச் சேர்க்கிறோம். அதைக் கலப்படம் என்று சொல்லி, சிக்கரி பழகியவருக்குச் சுத்தக் காபித்தூளை வாங்கிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அவர் நாக்குக்கு அது தண்ணீர்க் காபி. நிறமும் கெட்டியும் சிக்கரி கொடுத்ததுதான்.

இப்போது ஃபில்டர். எங்கள் கடைக்கு வருகிற வயதான வாடிக்கையாளர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற புகார், "முன்ன மாதிரி டிகாக்ஷன் இறங்க மாட்டேங்குது, தூளை மாத்திட்டியா?" என்பது. முதல் சில வருஷம் நானும் கொட்டையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அவர் மனைவி எட்டுப் பேர் குடிக்கிற அளவு ஃபில்டரை எடுத்து வைத்தார். பிள்ளைகள் நாலு பேரும் வீட்டில் இருந்த காலத்தில் வாங்கியது. இப்போது இரண்டே பேர், அதனால் இரண்டே கரண்டித் தூள். அந்த அகலமான அடியில் தூள் ஒரு தோசைக் கனத்துக்குக்கூட நிற்கவில்லை. வெந்நீரை ஊற்றியதும் மூன்றே நிமிடத்தில் சளசளவென்று இறங்கிவிட்டது. தண்ணீர் தூளோடு நின்று பேச நேரமே இல்லை. மறுநாள் இரண்டு பேருக்கு அளவான சின்ன ஃபில்டரை என் கடையிலிருந்து கொடுத்து அனுப்பினேன். அதே இரண்டு கரண்டி, அதே தூள். சொட்டுச் சொட்டாக இருபது நிமிடத்துக்கு மேல் இறங்கியது. ஆசிரியர் தூளைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

பிள்ளைகள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் வெளியூர் போன வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் அனுபவம். உங்கள் மாமனார் வீட்டிலும் இரண்டு பேர்தான் என்றால், சின்ன எவர்சில்வர் ஃபில்டர்தான் என் முதல் யோசனை. எங்கள் பக்கம் நல்ல கனமான தகட்டில் 300லிருந்து 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பண்டிகைக்கு எல்லாரும் கூடும்போது பழைய பெரிய ஃபில்டர், மற்ற நாளுக்கு இது. பழையதைத் தூக்கிப் போடச் சொல்கிற மாதிரி ஆகாமல், அதற்குத் துணையாகப் போய் நிற்கும்.

கடையில் வாங்கும்போது மேல் பாத்திரத்தைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் ஒரே அளவில், நெருக்கமாக, ஊசி முனையளவு தெரிய வேண்டும். எங்காவது ஒரு துளை பெரிதாக இருந்தால் அதன் வழியே தூள் இறங்கி டம்ளர் அடியில் மண்டி நிற்கும். உட்பக்கம் விரலால் தடவினால் பிசிறு தட்டக் கூடாது. அடுத்து, மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் உட்காரும் விதம். ஆடவும் கூடாது, அழுத்தி இறுக்கவும் கூடாது. ரொம்ப இறுக்கமாக இருந்தால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்காமல் நின்றுவிடும்; தினம் ஒரு தடவை மேல் பாத்திரத்தைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். உள்ளே காம்பு வைத்த ஒரு துளைத் தட்டு இருக்கும், எங்கள் வீட்டில் குடை என்போம். அது சுற்றிலும் இடைவெளி அதிகம் இல்லாமல் சீராக இறங்குகிறதா என்று பாருங்கள். இவ்வளவு சோதனையும் ஆன்லைனில் முடியாது. பாத்திரக் கடைக்கு நேரில் போவது நல்லது.

பித்தளை ஃபில்டர் வாங்கலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள், ஏனென்றால் பார்க்க அவ்வளவு அழகு. வாங்கலாம், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தின் உட்பக்கம் ஈயம் பூசியிருக்க வேண்டும். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். காரீயம் உடம்புக்கு விஷம். பூச்சு தேய்ந்துபோனால் காபியின் புளிப்பு பித்தளையில் பட்டுக் களிம்பு ஏறும். என் கல்யாணமான புதிதில் என் மாமனாருக்கு நானே ஒரு பித்தளை ஃபில்டர் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது உள்ளே அடித்தட்டில் வெள்ளைப் பூச்சு உருண்டு திரண்டு மணி மணியாக நின்றது, துளைகள் பாதி மூடியிருந்தன. என்ன ஆயிற்று என்று கேட்டேன். எவர்சில்வர் ஃபில்டரில் துளை அடைத்தால் நாம் என்ன செய்வோம்? அடுப்பு நெருப்பில் ஒரு நிமிடம் காட்டுவோம், எண்ணெய்ப் பிசுக்கும் தூளும் எரிந்து துளை திறந்துவிடும். அவரும் அந்தப் பழக்கத்தில் அதையே செய்திருக்கிறார். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அடுப்பு நெருப்பு அதைவிடப் பல மடங்கு சூடு. அதைச் சொல்லிக் கொடுக்காதது என் தவறு. அழகான பொருளைக் கொடுத்தேன், அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைக் கொடுக்கவில்லை. மறுபடி ஈயம் பூசுகிறவரைத் தேடிக் கும்பகோணம் வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே பித்தளை வாங்கினால் மூன்று விஷயம் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்: நெருப்பில் காட்டக் கூடாது, உட்பக்கம் புளியோ கம்பி நாரோ போட்டுத் தேய்க்கக் கூடாது, பூச்சு மங்கினால் திரும்பப் பூச வேண்டும். திருச்சியில் பூசுகிற ஆள் இருக்கிறாரா என்று முன்கூட்டியே பாத்திரக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். பித்தளையில் இறக்கினால் ருசி கூடும் என்று சத்தியம் செய்கிறவர்கள் பலர். பித்தளை கனமாக இருப்பதால் சூடு கொஞ்சம் நிற்கும் என்பது சரி. ருசி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. டிகாக்ஷன் தொடுவது உள்ளே இருக்கும் ஈயத்தைத்தான், பித்தளையை அல்ல. ஒரே தூளில் இரண்டிலும் இறக்கிக் கண்ணை மூடிக் குடித்துப் பார்த்திருக்கிறேன், என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. டபரா செட்டுக்கும் இதே கதைதான். பித்தளை டபரா செட் வீட்டில் விருந்தாளிக்கு எடுத்து வைக்க அழகு. ஆனால் நாலு மணிக் காபிக்கு மாமனார் கை போவது, விளிம்பு தேய்ந்த அவருடைய பழைய டம்ளருக்குத்தான். அந்த டம்ளரோடு போட்டி போடாதீர்கள்.

ஃபில்டர் வாங்கினால் பேர் வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாத்திரக் கடையில் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஒரு நிமிட வேலை. பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் கொஞ்சம்தான். மாமனார் பேர், கீழே "தீபாவளி", வருஷம், அவ்வளவு போதும். எங்கள் வீட்டில் பாட்டியின் சீர்ப் பாத்திரத்தில் வெட்டியிருந்த தேதியை வைத்துத்தான் அவர் கல்யாண வருஷமே எங்களுக்குத் தெரிந்தது. பொருளின் விலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பேர் வெட்டிய பாத்திரத்தை யாரும் பழைய சாமானுக்குப் போடுவதும் இல்லை.

ஃபில்டர் அளவாகவே இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று மாமியார் சொன்னால் முழுப் பணத்தையும் தூளில் போடுங்கள். காபிப் பிரியருக்குத் தூள் கொடுப்பது கோயில் வாசலில் பூ கொடுப்பது மாதிரி, ஒருநாளும் மிஞ்சாது. ஆனால் இதில் நிறைய பேர் தவறுவது அளவிலும் நாளிலும்தான். பண்டிகையாயிற்றே என்று இரண்டு கிலோ வாங்குவார்கள். அரைத்த தூளின் வாசம் முதல் வாரம் ஒரு மாதிரி, இரண்டாவது வாரம் ஒரு மாதிரி, மூன்றாவது வாரம் வெறும் கசப்பு. இரண்டு பேர் காலையும் மாலையும் குடிக்கிற வீட்டில், ஒரு தடவைக்கு 20 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 40 கிராம், கால் கிலோ தூள் ஆறு நாளைக்கு வரும். அதனால் கால் கிலோ, மிஞ்சிப் போனால் அரைக் கிலோ. பணம் மிச்சமிருந்தால் நல்ல கொட்டைக்குச் செலவழியுங்கள், எடையைக் கூட்டாதீர்கள். 2024லும் 2025லும் பிரேசில், வியட்நாம் பக்கம் வறட்சியால் உலகம் முழுக்கக் காபி விலை ஏறியதில், நல்ல சுத்தத் தூள் பல ஊர்களில் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நாலைந்து வருஷத்துக்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம்.

வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடைக்கு, ஊருக்குக் கிளம்புகிற நாள் காலையிலோ முந்தின நாளோ போங்கள். தீபாவளிக் கூட்டத்துக்காகச் சில கடைகளில் முன்கூட்டியே அரைத்துப் பொட்டலம் கட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். "எனக்குப் புதுசா அரைத்துக் கொடுங்கள், காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அரவை மெஷினிலிருந்து விழும் தூள் கையில் பட்டால் சுடும். அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே வேர்த்துத் தூள் கட்டிப்படும், அதனால் ஐந்து நிமிடம் பரப்பி ஆறவிடச் சொல்லுங்கள். "ஃபில்டருக்கு" என்று அரவையைச் சொல்லிக் கேளுங்கள். மெஷின் காபிக்கு அரைக்கிற மாவு மாதிரித் தூள் நம் ஃபில்டர் துளையை அடைத்துவிடும். சிக்கரியைக் கலக்காமல் தனிப் பொட்டலமாக வாங்குங்கள். மாமனார் கையாலேயே, தன் கணக்குக்குக் கலந்துகொள்ளட்டும். பரிசு வாங்க வருகிற எல்லாரிடமும் நான் இதைச் சொல்கிறேன். கலவையைத் தானே முடிவு செய்கிற சந்தோஷம் காபிப் பிரியருக்கு மட்டுமே புரியும். பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது இந்தப் பொட்டலத்தைக் கற்பூரம், ஊதுபத்தி, மல்லிகைப் பூ இருக்கும் பையில் வைக்காதீர்கள், காபித்தூள் எல்லா வாசத்தையும் உறிஞ்சும்.

இன்னொரு வழி உண்டு, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் வழக்கமான தூள் கால் கிலோவோடு, வேறு வேறு மலைகளின் தூளை நூறு நூறு கிராமாக மூன்று பொட்டலம், சிக்கரி இல்லாமல். அவருடைய காபியை மாற்றவில்லை, பக்கத்தில் மூன்று விருந்தாளிகளை உட்கார வைக்கிறோம். நூறு கிராமில் ஐந்து தடவை டிகாக்ஷன் இறக்கலாம், ஒரு காபியின் குணத்தைத் தெரிந்துகொள்ள அது போதும். தமிழ்நாட்டிலேயே சேர்வராயன் மலையில் ஏற்காடு, பழனி மலைச் சரிவில் தாண்டிக்குடி, ஆனைமலையில் வால்பாறை, நீலகிரியில் கூடலூர் என்று காபி விளைகிற இடங்கள் இருக்கின்றன. திருச்சிக்காரருக்கு ஏற்காடும் தாண்டிக்குடியும் போய் வந்த இடமாகவே இருக்கலாம். அந்த மலையின் கொட்டை என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு அதில் ஒரு பேச்சு கிடைக்கும். கர்நாடகத்தில் குடகு, சிக்மகளூரு, பாபாபுடன்கிரி. நாட்டின் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த மாநிலத்தில்தான் விளைகிறது. ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கு, கேரளத்தில் வயநாட்டு ரொபஸ்டா. (காபிச் செடியில் முக்கியமாக இரண்டு இனம்: வாசம் கூடிய அராபிகா, கசப்பும் கெட்டியும் கூடிய ரொபஸ்டா.) குடகு, சிக்மகளூரு, பாபாபுடன்கிரி, அரக்கு, வயநாடு ஐந்துக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மூன்றில் ஒன்று மான்சூன்ட் மலபார் ஆக இருக்கட்டும். மங்களூரு பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழைக்காற்று வீசும் கிடங்குகளில் பச்சைக் கொட்டையைப் பரப்பிக் கிளறி விடுவார்கள். ஈரக்காற்றைக் குடித்துக் குடித்துக் கொட்டை ஊதிப் பெருத்து, வெளிறிய மஞ்சளாகிவிடும். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஐரோப்பா போன கொட்டை வழியில் இப்படி மாறியது, அங்கே அதற்கு ருசி பழகிவிட்டது, பிற்காலத்தில் அதே மாற்றத்தைக் கரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். புளிப்பு மிகக் குறைவு, பாலோடு நன்றாகச் சேரும். அரக்கு போன்ற அராபிகா வகைகளில் லேசான பழப்புளிப்பு இருக்கும். நம் ஊர்க் காபி பழகிய நாக்குக்கு முதல் நாள் அது பிடிக்காமல் போகலாம். ஆன்லைனில் வாங்கினால் வறுவல் "மீடியம் டார்க்" என்று இருப்பதாகப் பார்த்து எடுங்கள். லேசாக வறுத்தது பால் காபியில் சோபிக்காது.

பொட்டலங்களின் மேல் எழுதியிருக்கும் வார்த்தைகளில் எது உறுதி, எது பேச்சு என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பிளாண்டேஷன் ஏ" என்றால் பழத்தோலை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. ஏ என்பது கொட்டையின் பருமனைக் குறிக்கும். "செர்ரி" என்றால் பழத்தோடு வெயிலில் காயவைத்து உடைத்தது. "பீபெரி" என்றால் ஒரு பழத்தில் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தது. இதெல்லாம் நிச்சயம். பீபெரி ருசி அதிகம் என்பது வியாபாரத்தில் நாங்களே சொல்லிச் சொல்லி நிலைத்த பேச்சு. உருண்டையாக இருப்பதால் சட்டியில் உருண்டு சீராக வறுபடும் என்பது உண்மை. அதற்கு மேல் ருசியைத் தீர்மானிப்பது தோட்டமும் பதமும்தான். பாதி பிளாண்டேஷன், பாதி பீபெரி என்று கேட்டு வாங்குவது எங்கள் பக்கம் பழைய வழக்கம். என்ன வாங்குவது என்று தெரியாத நிலையில் அதைச் சொன்னால் ஏமாற மாட்டீர்கள். "டிகிரி காபித்தூள்" என்று போட்டிருந்தால் அதற்கென்று தரம் எதுவும் சட்டத்தில் இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கிய கலப்பில்லாத பாலில் போட்டதால் அந்தப் பேர் வந்தது என்பார்கள், முதல் டிகாக்ஷனுக்குத்தான் அந்தப் பேர் என்றும் சொல்வார்கள். நான் நம்புவது பாலின் கதையை. எதுவானாலும் அந்தப் பேர் டம்ளரில் இருக்கும் காபிக்கு உரியது, தூளுக்கு அல்ல.

தூளை வைக்க, காற்றுப் புகாமல் மூடும் சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று சேர்த்துக் கொடுங்கள். கால் கிலோ கொள்கிற அளவு போதும். பெரிய டப்பாவில் பாதி காற்றுதான் இருக்கும், அந்தக் காற்றுதான் வாசத்தைத் தின்கிறது. ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்பதில் ஊருக்கு இரண்டு கட்சி. தினம் எடுத்துத் திறந்து மூடுகிற டப்பாவை வைக்கக் கூடாது, சில்லென்ற தூளில் வெளிக்காற்றின் ஈரம் படியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது கால் கிலோவைப் பிரிக்காமல், இறுக்கி ஒட்டி, ஃப்ரீசரில் வைத்து, ஒரே தடவை வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்தால் கெடுதல் இல்லை, நானே செய்கிறேன்.

நீங்கள் ஆன்லைனில் பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கை கிரைண்டர் நல்ல பொருள், ஆனால் இந்த விலையில் கிடைப்பவை அரவை ஒரே சீராக வராது. ஃபில்டருக்குத் தேவையான நயத்துக்கு 20 கிராம் கொட்டையைச் சுற்ற ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அறுபது வயதுக்கு மேல் மணிக்கட்டு கெஞ்சும். அவரே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால் ஒழிய வேண்டாம். பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு ரவை மாதிரி கொரகொரப்பான தூள் வேண்டும், வீட்டில் இருக்கும் தூளைப் போட்டால் சேறு மாதிரி வரும். மோக்கா பாட், அதாவது அடுப்பில் வைத்து ஆவி அழுத்தத்தில் காபி இறக்கும் பாத்திரம், நம் டிகாக்ஷனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், அவசரத்துக்கு ஐந்தாறு நிமிடத்தில் கெட்டியாகக் கிடைக்கும். புதியதைச் செய்து பார்க்கிற சுபாவம் உள்ளவர் என்றால் யோசிக்கலாம். அலுமினியத்தில் வருவது இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்யாது. கிஃப்ட் பாக்ஸில் அட்டைக்கும் ரிப்பனுக்கும்தான் காசு. உள்ளே இருக்கும் தூளின் எடையையும் அரைத்த தேதியையும் தேடிப் பாருங்கள், தேதியே இல்லாதவை நிறைய. புனுகுப் பூனைக் காபி என்று ஒன்று விலை உயர்ந்ததாகக் கண்ணில் படும்; பூனை தின்ற காபிப் பழத்தின் கொட்டையை அதன் எச்சத்திலிருந்து எடுத்துச் செய்வது. பூனையைக் கூண்டில் அடைத்துப் பழத்தைத் தின்ன வைக்கிற கொடுமையும் அதில் உண்டு, போலியும் ஏராளம். அதைத் தொடவே வேண்டாம்.

மாமனாருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, தூக்கம் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை காபி குடிக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் அவருடைய டாக்டர். தூள் விஷயமாக நான் சொல்லக்கூடியது, ரொபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சிக்கரியில் கஃபீனே கிடையாது. ஆகவே மாலைக் காபிக்கு ரொபஸ்டா கலக்காத தூள் கொஞ்சம் தனியாக வைத்துக்கொள்ளலாம். கஃபீன் நீக்கிய தூளைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். பண்டிகை நாளில் அது புத்திமதி மாதிரி ஆகிவிடும். அவராகக் கேட்டால் வேறு விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் ஊர் விலை உத்தேசத்தில், பேர் வெட்டிய சின்ன ஃபில்டர் 400, அவர் வழக்கமான தூள் கால் கிலோ 300, மலைத் தூள் நூறு கிராம் மூன்று பொட்டலம் 450 முதல் 500, டப்பா 200. 1,400 ரூபாய்க்குள் அடங்கிவிடும். புது ஃபில்டரை அங்கே போனதும் ஒரு தடவை கொதிநீர் ஊற்றிக் கழுவி, முதல் ஈடு டிகாக்ஷனை இறக்கிக் கொட்டிவிடச் சொல்லுங்கள், புதுப் பாத்திர வாசம் போய்விடும். அதற்கும் சேர்த்து ஐம்பது கிராம் சாதாரணத் தூள் தனியாக எடுத்துப் போங்கள், நல்ல தூளை அதற்கு வீணாக்க வேண்டாம். மாமியார் அனுப்பும் பாக்கெட் படத்தையும் ஃபில்டரின் அகலத்தையும் இங்கேயே போட்டால், கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.